பெயர் வேறு, சாவி வேறு: கம்ப்யூட்டர் "நீ யாரு?" என்று கேட்க ஆரம்பித்த கதை



இந்த வாரம் பூஜை நேரம், அன்னதான விவரம் எதுவும் இல்லை. வேற விஷயம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2024 டிசம்பர்ல ஐசி நம்பர் விவகாரம் கிளம்பினதிலிருந்து கோயில்ல பெரியவங்க பல பேர் கேக்குறாங்க. "ஐம்பது வருஷமா ஆஸ்பத்திரி, வீவக, பேங்க் எல்லா இடத்துலயும் ஐசி நம்பரைச் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தோம், இப்ப மட்டும் ஏன் தப்பு?" நல்ல கேள்வி. இதுக்குப் பதில் ஒரு வரியில வராது, கொஞ்சம் சரித்திரம் சொல்லணும். இந்தக் கதையில மனுஷங்க மட்டும் இல்லை. ஒரு சாஃப்ட்வேர் இன்னொரு சாஃப்ட்வேரைக் கூப்பிடும்போது அதுவும் "நான் இன்னார்" என்று நிரூபிக்க வேண்டும். பழைய சாஃப்ட்வேர் பலதுக்கு அது தெரியாது. நான் தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிறவன். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை, ஆனா இந்தத் தலைவலியைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

அர்ச்சனை செய்யும்போது என்ன சொல்றோம்? பெயர், நட்சத்திரம், ராசி. அதை யார் வேணும்னாலும் சொல்லலாம். மகன் பேருக்கு அம்மா சொல்லலாம், ஊர்ல இருக்கிற தங்கச்சி பேருக்கு அண்ணன் சொல்லலாம். குருக்கள் ஆதாரம் கேக்க மாட்டார், கேக்கவும் தேவையில்லை. ஏன்னா பேர் என்பது கூப்பிடுறதுக்கு. ஆனா அதே பேரை உரக்கச் சொன்னால் நகைப் பெட்டகம் திறக்காது. அதுக்குச் சாவி வேணும். சாவியைக்கூட ஒரே கையில ரொம்ப நாள் விடக்கூடாது என்பதை சில வருஷத்துக்கு முன்னாடி நம்ம நாட்டுக் கோயில் ஒன்றில் நடந்ததிலிருந்து எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டோம். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் உலகத்துல இந்தச் சாவிக்குப் பேர்தான் பாஸ்வேர்ட். முதன்முதலா இதைப் பயன்படுத்தின கம்ப்யூட்டர்களில் ஒன்று அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1961-ல் வந்த சிடிஎஸ்எஸ். ஒரே பெரிய மிஷினைப் பல பேர் பங்கு போட்டுப் பயன்படுத்தினாங்க. அவரவர் கோப்பு அவரவருக்கு, அவரவர் நேரம் அவரவருக்கு என்று பிரிக்க ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, 1962-ல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் தனக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று எல்லாருடைய பாஸ்வேர்ட் இருந்த கோப்பையே அச்செடுத்துக்கொண்டார். 1966-ல் அதே மிஷினில் ஒரு கோளாறு. உள்ளே நுழைகிற எல்லாருக்கும் அன்றைய அறிவிப்பு தெரிய வேண்டிய இடத்தில் பாஸ்வேர்ட் பட்டியல் தெரிந்தது! ஆக, பூட்டு செய்த நாளிலிருந்தே சாவியை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை.

அதே 1966-ல் சிங்கப்பூரில் வேறொன்று நடந்தது. அவசரகாலம் தொடங்கிய 1948-லேயே இங்கே போட்டோ, கைரேகையோடு பதிவு அட்டை வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1966-ல் தேசிய பதிவு நடந்து, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம் என்று ஐசி கொடுத்தார்கள். அந்த எண் ஒருத்தருக்கு ஒன்றுதான், சாகும்வரை மாறாது. நம்ம ஆளுங்களுக்கு அது பெரிய உதவி என்றே சொல்வேன். தமிழ்ப் பேரை ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, முத்துசாமிக்கே நாலு எழுத்துக்கூட்டு உண்டு. எண் இருந்தால் குழப்பம் இல்லை. மசேநி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாமே அந்த எண்ணை வைத்தே கோப்பு திறந்தார்கள். அதாவது ஐசி எண் என்பது ஆரம்பத்திலிருந்தே பேர் மாதிரி. ஆனா போகப்போக, போனில் "ஐசி நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, சொன்னால் "சரி, நீங்கதான்" என்று நம்புகிற பழக்கம் வந்துவிட்டது. பேரையே சாவியாக்கிவிட்டோம்.

இப்போ மிஷின்கள் பக்கம் வருவோம். 1989 ஜனவரி 1-ஆம் தேதி சிங்கப்பூரில் டிரேட்நெட் தொடங்கியது. சரக்கு ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிக்கு அதுவரை தாளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமா அலைய வேண்டும், நாள்கணக்கில் ஆகும். டிரேட்நெட் வந்ததும் கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்தே விண்ணப்பம் போய் நிமிஷக்கணக்கில் பதில் வந்தது. ஒரு நாடு முழுமைக்குமாக இப்படிச் செய்ததில் சிங்கப்பூர்தான் முன்னோடி. கப்பல், லாரி, கிடங்கு வேலையில இருந்த நம்ம ஆளுங்க பலருக்கு அந்த மாற்றம் ஞாபகம் இருக்கும்.

அரசாங்கம் அப்படி ஒழுங்காகச் செய்தது. ஆனா கம்பெனிகளுக்கு உள்ளே ஓடிய சாஃப்ட்வேர் கதை வேற. அந்தக் காலத்தில் எழுதின புரோகிராம்கள் தொழிற்சாலை காம்பவுண்டுக்குள்ளேயே ஓடுவதற்காக எழுதப்பட்டவை. ஒயர் நம்ம சுவருக்குள்ளே, கம்ப்யூட்டர் பூட்டின ரூமுக்குள்ளே. அதனால ஒரு மிஷின் இன்னொரு மிஷினைக் கூப்பிட்டால் யாரும் "நீ யாரு?" என்று கேக்கவில்லை. வீட்டுக்குள்ளே அண்ணனும் தம்பியும் ஐசி காட்டியா பேசுவாங்க?

2000-க்குப் பிறகு இணையம் வழியா ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றைக் கூப்பிடுகிற முறை பரவியது. வெப் சர்வீஸ் என்று சொல்வார்கள். நம்ம கிடங்கில் இருக்கிற புரோகிராம் வேறு நாட்டில் இருக்கிற தலைமை அலுவலக சர்வரைக் கூப்பிட்டு "இன்னிக்கு ஸ்டாக் இவ்வளவு" என்று சொல்லும். இப்போ ஒயர் நம்ம சுவரைத் தாண்டிவிட்டது. கூப்பிடுவது உண்மையிலேயே நம்ம கிடங்குதானா, எவனோ ஒருத்தனா என்று அந்தப் பக்கம் தெரியணுமே?

அதுக்கு இருந்த மிகச் சுலபமான வழி, இணையத்தின் எச்டிடிபி விதிகளில் 1996-லேயே எழுதப்பட்ட பேசிக் ஆதென்டிகேஷன். பயனர் பெயர், நடுவில் ஒரு முக்காற்புள்ளி, பிறகு பாஸ்வேர்ட். மூன்றையும் ஒட்டி, பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளை மாற்றி, கடிதத்தின் தலைப்பில் வைத்து அனுப்பும். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அனுப்பும். பார்த்தால் புரியாத எழுத்தா தெரியும், அதனால "ஆஹா, பூட்டியாச்சு" என்று நினைக்கிறவங்க நிறைய. உண்மையில் எந்தக் கம்ப்யூட்டரும் அதை ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடும். உறையில் போட்ட கடிதம் மாதிரிதான், உறையைக்கூட ஒட்டவில்லை. வழியில் யாரும் படிக்காமல் இருக்க வேண்டுமானால் முழு பாதையையும் பூட்டணும். பிரவுசரில் பூட்டுப் படம் வருதே, அதுதான் அந்தப் பாதுகாப்பு.

சரி, பழைய சாஃப்ட்வேருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எப்படி? நான் பார்த்த ஒரு இடத்தில் (பேர் வேண்டாம்) இருபது வருஷத்துக்கு மேல் பழைய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. எழுதினவங்க போயாச்சு. மூல எழுத்து யாரிடமும் இல்லை. தலைமை அலுவலகம் ஒரு நாள், "இந்தத் தேதிக்குப் பிறகு பயனர் பெயர், பாஸ்வேர்ட் இல்லாமல் எந்த அழைப்பையும் ஏற்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டது. அங்கே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

மூல எழுத்து இருந்தால், அழைப்பு அனுப்புகிற இடத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். சேர்ப்பது சுலபம், ஆபத்தும் அங்கேதான். அவசரத்தில் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். அப்புறம் அந்தப் புரோகிராமைப் பிரதி எடுத்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சாவியும் கூடவே இருக்கும். வாசல் கதவிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. தனிக் கோப்பில் எழுதி, அதை யார் திறக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதைவிட நல்லது.

மூல எழுத்து இல்லாத இடத்தில் வேறு வழி. அதே கம்ப்யூட்டரில் இடையாளாக ஒரு சின்னப் புரோகிராமை வைப்பார்கள். பழைய சாஃப்ட்வேர் எப்போதும் போலப் பேசும், ஆனா சர்வரோடு பேசுவதாக நினைத்து இடையாளோடு பேசும். இடையாள் அதை வாங்கி, பயனர் பெயர், பாஸ்வேர்டைச் சேர்த்து, பாதையைப் பூட்டி, வெளியே அனுப்பும். பதிலை வாங்கி உள்ளே கொடுக்கும். ஊரிலிருந்து முதல் தடவை வந்த பாட்டியைக் கையைப் பிடித்துக் கவுண்டருக்கு அழைத்துப்போய், அவங்க சார்பில் பேசுகிற நம்ம தொண்டூழியர் மாதிரி. பாட்டி மாற வேண்டியதில்லை. இந்த வழி வேறு ஒரு காரணத்துக்கும் தேவைப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி பழைய சிஸ்டத்துக்கு இன்றைய புதுப் பூட்டுகள் தெரியாது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனா தொழிற்சாலைகளில் அதற்குப் பிறகும் ஓடியது.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று சொல்லணும். மிஷினுக்குக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்ற மாட்டார்கள். "மாத்தினா எங்கே எது நின்னுடுமோ" என்ற பயம். நமக்கு மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாற்று, பெரிய எழுத்து போடு, குறி போடு என்று உயிரை வாங்குவார்கள். மிஷினுடையது பத்து வருஷம் அப்படியே கிடக்கும்.

மனுஷங்களுக்கான சாவிக்கு வருவோம். 2003 மார்ச்சில் சிங்பாஸ் வந்தது. அரசாங்கச் சேவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். பயனர் பெயர் என்ன? நம்ம ஐசி எண். அது சரிதான், பேர் என்ற இடத்தில் பேர். ஆனா சிலர் பாஸ்வேர்டாகவும் அதே ஐசி எண்ணை வைத்துவிட்டார்கள். அப்படி வைத்தவர்களின் கணக்குகளை வெறும் ஊகத்திலேயே திறந்த ஒருவர் பிறகு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். 2014 ஜூனில் 1,560 சிங்பாஸ் கணக்குகள் அனுமதி இல்லாமல் திறக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தார்கள். தாங்கள் கேட்காமலே பாஸ்வேர்ட் மாற்றக் கடிதம் வந்ததால் சிலர் தகவல் சொல்ல, அதில்தான் வெளியே தெரிந்தது. 2015 ஜூலையில் இரண்டாவது பூட்டு, அதாவது கைபேசிக்கு வரும் ஓடிபி அல்லது டோக்கன் சாதனம். 2016 ஜூலை முதல் முக்கியமான சேவைகளுக்கு அது கட்டாயமானது. அதே 2016-ல் நிறுவனங்களுக்குத் தனியாக கார்ப்பாஸ் வந்தது. அதற்கு முன் கம்பெனி வேலைக்கு ஊழியர்கள் சொந்த சிங்பாஸையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்!

இனி 2018. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா இதில் நம்மில் பலருடைய தகவலும் போயிருக்கு.

2018 ஜூலை 20-ஆம் தேதி அரசாங்கம் அறிவித்தது. சிங்ஹெல்த் மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் 2015 மே 1-லிருந்து 2018 ஜூலை 4 வரை சிகிச்சைக்குப் போனவர்களில் 1.5 மில்லியன் பேரின் பெயர், ஐசி எண், முகவரி, இனம், பிறந்த தேதி திருடப்பட்டுவிட்டது. 160,000 பேருக்குக் கொடுத்த மருந்து விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவலைக் குறிவைத்தே திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள்.

எப்படி நடந்தது என்று ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு ஆராய்ந்தது. 2019 ஜனவரி 10-ஆம் தேதி அறிக்கை வெளியானது. 2017 ஆகஸ்டிலேயே ஒரு சாதாரண ஊழியர் கம்ப்யூட்டர் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பத்து மாதம் பொறுமையாக உள்ளேயே இருந்தார்கள். அங்கே இருந்த ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? "பாஸ்வேர்ட்" என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஏ எழுத்துக்குப் பதில் அட் குறி, ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. நோயாளிப் பதிவு வைத்திருந்த சாஃப்ட்வேர், தகவல் கிடங்கோடு பேசுவதற்கு ஒரு சாவி வைத்திருந்தது. மேலே சொன்னேனே, மிஷின் மிஷினுக்குக் காட்டுகிற சாவி, அதேதான். அந்த சாஃப்ட்வேரில் இருந்த ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தி அந்தச் சாவியை எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழு சொன்னது. அந்த சாஃப்ட்வேரில் ஓட்டை இருப்பதாக 2014-லேயே ஒரு ஊழியர் எழுதியிருந்தார். அவர் அதைச் சொன்ன விதம் சரியில்லை, வேறு கம்பெனிக்கு எழுதினார், வேலை போயிற்று. அது வேறு கதை. ஆனா சொன்ன விஷயத்தை யாரும் ஒழுங்காக ஆராயவில்லை.

சாவி கையில் வந்த பிறகு கதவை உடைக்க வேண்டியதே இல்லை. கேட்பது வழக்கமான சாஃப்ட்வேர் என்று நினைத்துத் தகவல் கிடங்கு பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஜூன் 27-லிருந்து ஜூலை 4 வரை. கடைசியில் ஒரு ஊழியர், "இது என்ன, வழக்கமில்லாத கேள்வியா வருதே" என்று கவனித்து நிறுத்தினார். அந்த ஒருத்தர் கண் திறந்திருந்ததால் அத்தோடு நின்றது. தொழிற்சாலையில் மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே திரும்பிப் பார்க்கிற நல்ல ஆபரேட்டர் இருப்பாரே, அந்த ரகம்.

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், கம்ப்யூட்டர் அமைப்பைக் கவனித்த ஐஹெச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் போட்டது. அதுவரை அந்த ஆணையம் போட்டதிலேயே பெரிய அபராதம். என்ன அபராதம் போட்டாலும் போன பிறந்த தேதியை மாற்ற முடியுமா? பாஸ்வேர்ட் போனால் புதுசு வைக்கலாம். ஐசி எண் போனால் போனதுதான். அதனாலதான் அதைச் சாவியா வைக்கக்கூடாது.

உலகமும் இதைப் புரிந்துகொண்டு மாறியது. 2022 அக்டோபர் 1-லிருந்து மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் பழைய பேசிக் முறையை நிறுத்த ஆரம்பித்தது. மெயிலைத் தானாகத் திறந்து ஆர்டர் படிக்கிற பழைய புரோகிராம்கள் "அனுமதி இல்லை" என்று நின்றன. ஸ்கேனர் மாதிரி சாதனங்கள் மெயில் அனுப்புகிற வழிக்கு மட்டும் கூடுதல் தவணை கொடுத்தார்கள். புது முறையில் மிஷின் பாஸ்வேர்டை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போகாது. ஒரு தடவை தன்னை நிரூபித்து டோக்கன் வாங்கிக்கொள்ளும். டோக்கனுக்கு நேரம் உண்டு, எதற்கு என்ற கட்டுப்பாடு உண்டு. நம்ம பால்குடச் சீட்டு மாதிரி. இந்த நாள், இந்த நேரம், பால்குடத்துக்கு மட்டும். அதை ஒருத்தன் திருடினாலும் மறுநாள் அது வெறும் காகிதம்.

2024 டிசம்பர் 9-ஆம் தேதி அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் இணையத்தளம் வந்தது. அதில் பேரைப் போட்டுத் தேடினால் முழு ஐசி எண்ணும் தெரிந்தது, உள்ளே நுழைய எந்தச் சாவியும் வேண்டாம். சில நாளிலேயே ஊரெல்லாம் பேச்சாகி, 13-ஆம் தேதி தேடலை நிறுத்தினார்கள். 19-ஆம் தேதி அமைச்சர்கள் ஜோசஃபின் டியோ, இந்திராணி ராஜா இருவரும் செய்தியாளர்களைச் சந்தித்து மன்னிப்பும் கேட்டார்கள். அப்போது அரசாங்கம் சொன்ன விளக்கத்தின் சாரம், ஐசி எண் ஒருவரை அடையாளம் காட்டத்தான், அவரேதான் என்று நிரூபிக்க அல்ல என்பது. சொன்னது சரி என்றே நினைக்கிறேன். சொன்ன நேரமும் விதமும்தான் மக்களைப் பயமுறுத்தியது. 2025 ஜூனில் ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, ஐசி எண்ணைப் பாஸ்வேர்டாக வைப்பதை நிறுத்தும்படி தனியார் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டன. ஐசியின் கடைசி சில எழுத்துகளோடு பிறந்த தேதியைச் சேர்த்துத் திறக்கிற ஆவணங்கள் மெயிலில் வருமே, அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

கோயிலுக்கு வருவோம். கோவிட் காலத்தில் வாசலில் நின்று உங்கள் ஐசியை ஸ்கேன் செய்த தொண்டூழியர்களில் நானும் ஒருவன். அது யார் வந்தார் என்று பதிவதற்கு. அதனால் எந்தப் பெட்டியும் திறக்கவில்லை. 2021, 2022 தைப்பூசங்களில் பாத ஊர்வலம் இல்லாமல், பால்குடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வந்தோம். அப்போதுதான் நம்ம பெரியவர்கள் பலர் முதன்முதலா இணையப் பதிவுக்குப் பழகினார்கள். பழகினதோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. "தம்பி, எனக்கு ஒண்ணும் புரியலை, நீங்களே பார்த்துப் பண்ணிடுங்க" என்று கைபேசியைத் திறந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஓடிபி வந்தால் கவுண்டர் வரிசையே கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கிறார்கள். தொண்டூழியர் நல்லவர்தான், பின்னால் நிற்கிறவரும் நல்லவராகத்தான் இருப்பார். ஆனா நாளைக்கு அந்தக் கணக்கில் ஏதாவது ஆச்சுன்னா, உதவி செய்த பிள்ளை மேலதான் முதல் சந்தேகம் வரும். நம்ம குழுவில் இருக்கிற இளைஞர்களுக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாது.

அதனால் இந்த மாதத்திலிருந்து எங்கள் குழுவில் இப்படிச் செய்கிறோம். அர்ச்சனை, அன்னதான உபயம் எதற்கும் ஐசி எண் கேட்க மாட்டோம், பெயரும் தொடர்பு எண்ணும் போதும். குழுவின் பழைய லேப்டாப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைக் கிழித்தாச்சு, அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே புரியும். ஆளுக்கு ஒரு பயனர் பெயர், யார் தொண்டை விட்டுப் போனாலும் அன்றே அவர் கணக்கு மூடப்படும். இதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம், தலைவருக்கும் இதே விதிதான்.

சிங்பாஸ் செயலியோ இணையப் பதிவோ புரியாத பெரியவர்கள் ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் வாங்க. இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், பொறுமையா சொல்லிக் கொடுப்பார்கள். கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும், எண்ணை நீங்களே தட்டுங்க. மூக்குக் கண்ணாடியை மறந்துட்டு வராதீங்க, போன வாரம் நாலு பேர் மறந்துட்டு வந்து என் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாங்க.